ஐ.சி.யூ.வில் தூக்கம்: ஆய்வுகள் எங்கே தேடுகின்றன?

ஐ.சி.யூ.வில் இருந்து மீண்டு வந்தவர்களிடம் "அங்க எது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். வலி, தாகம், தொண்டைக்குள் குழாய் என்று சொல்லி வருபவர்கள் தூக்கமின்மையையும் சொல்லாமல் விடுவதில்லை. மருத்துவ உலகம் இந்தப் புகாரைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. கட்டுரைகள் நிறையவே இருக்கின்றன. சில வாரங்களாக அவற்றில் முக்கியமான சிலதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க ஒரு சந்தேகம் வலுத்தது. தொலைந்த பொருளைத் தொலைத்த இடத்தில் தேடாமல், வெளிச்சம் இருக்கும் இடத்தில் தேடுகிறார்களோ?

முதல் குற்றவாளி எல்லாருக்கும் தெரிந்ததுதான்: சத்தம். மருத்துவமனை வார்டில் இரவுச் சத்தம் சராசரியாக 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 1999 பரிந்துரை. 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக இங்கிலாந்தின் ஐந்து ஐ.சி.யூ.க்களில் அளந்து பார்த்தார்கள். எந்த நேரத்திலும் 45-க்குக் கீழே இறங்கவே இல்லை. 85-ஐத் தாண்டும் திடீர்ச் சத்தங்கள் இரவிலும் ஒரு மணி நேரத்துக்கு 16 முறை வரை எழுந்தன. அந்த 30 என்ற அளவு கிடைத்தது எங்கே தெரியுமா? எல்லாக் கருவிகளையும் அணைத்துவிட்ட ஒரு தனி அறையில்!

அப்படியென்றால் காதில் பஞ்சு வைத்தால் போதுமே? அங்கேதான் கதை திரும்புகிறது. 2003-இல் வெளிவந்த கேபர் குழுவின் ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்த நோயாளிகளின் மூளை அலைகளைப் பதிவு செய்து, ஒவ்வொரு விழிப்புக்கும் காரணம் தேடினார்கள். சத்தம், நர்ஸ் வந்து தொடுவது இரண்டையும் சேர்த்தாலும் 30 சதவீத விழிப்புகளுக்குக்கூடக் காரணம் கிடைக்கவில்லை. அதே வார்டில் படுக்க வைத்த ஆரோக்கியமானவர்கள் ஓரளவு நன்றாகவே தூங்கினார்கள்.

இதை வைத்து "பார்த்தீங்களா, சத்தமும் தொந்தரவும் பெரிய விஷயமில்லை" என்று முடிவுகட்டுவது எளிது. எனக்கு அது ஒப்பவில்லை. முதலாவது, அந்த ஆய்வில் இருந்த நோயாளிகள் வெறும் ஏழு பேர். இரண்டாவது, எண்ணும் முறை. ஒரு சம்பவம் நடந்த சில விநாடிகளுக்குள் மூளை விழித்ததா என்றுதான் பார்க்கிறார்கள். வந்த தூக்கம் கலைவது இந்த வலையில் விழும். அடுத்து யாரோ வரப்போகிறார்கள் என்ற எதிர்பார்ப்பில் வராமலே போன தூக்கம் எப்படி விழும்?

அந்த எதிர்பார்ப்பு எவ்வளவு நியாயமானது என்பதை 2004-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு காட்டுகிறது. இதில் நவீனக் கருவி எதுவும் இல்லை. 50 நோயாளிகளின் 147 இரவுகளுக்கான கேஸ் ஷீட்டைப் புரட்டி எண்ணியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஓர் இரவுக்குச் சராசரியாக 42.6 முறை யாராவது ஒருவர் நோயாளியிடம் ஏதாவது செய்திருக்கிறார். இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்து யாரும் தொடாமல் விட்ட இடைவெளி, 147 இரவுகளிலும் சேர்த்து ஒன்பதே ஒன்பது. இதில் என்னை நிறுத்திய தகவல் வேறு. 55 இரவுகளில், இரவு 9 மணிக்கும் காலை 6 மணிக்கும் நடுவே, நோயாளியை வழக்கமான உடல் துடைப்புக்காகத் தொட்டிருக்கிறார்கள்.

தலையில் அடிபட்டவரின் கண் பாவையை மணிக்கொரு தரம் டார்ச் அடித்துப் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. அது உயிர் காக்கும் வேலை. ஆனால் நடுராத்திரி உடம்பு துடைப்பது நோய் கேட்ட வேலை இல்லையே, ஷிஃப்ட் கேட்ட வேலை. காலையில் ரவுண்ட்ஸ், எக்ஸ்-ரே, ஸ்கேன் என்று நெரிசல். அதனால் முடிந்ததையெல்லாம் இரவு ஷிஃப்ட்டின் தலையில் கட்டுகிறார்கள். நர்ஸ் மீது பழி போட இதில் ஒன்றுமில்லை, கால அட்டவணை போட்டவர்களைத்தான் கேட்க வேண்டும்.

பெரிய செலவில் நடந்த ஆய்வுகள் போனது வேறு பக்கம். நெதர்லாந்தில் 734 நோயாளிகளிடம் பகலில் பிரகாசமான விளக்கொளி பயன்தருமா என்று சோதித்து 2016-இல் வெளியிட்டார்கள். பயனில்லை. ஆஸ்திரேலியாவில் 850 பேரிடம் மெலடோனின் மருந்து. 2022-இல் முடிவு வந்தது, அதுவும் கைகொடுக்கவில்லை. இரண்டிலும் முதன்மையாக அளந்தது டெலிரியத்தை, அதாவது நினைவு தடுமாறும் நிலையை. தூக்கத்தை அளப்பது கஷ்டம், அதனால் பக்கத்து வீட்டுக்காரரை விசாரித்த மாதிரி! விளக்கு, மருந்து, காதடைப்பான் எல்லாம் நோயாளிக்குக் 'கொடுக்க'க் கூடியவை. ஒரு குழுவுக்குக் கொடுத்து இன்னொரு குழுவுக்குக் கொடுக்காமல் ஒப்பிடலாம். வேலை அட்டவணையை மாற்றுவதை அவ்வளவு சுலபமாக ஆய்வுக்குள் அடக்க முடியாது. அதனால் அது ஓரமாகவே நிற்கிறது.

விதிவிலக்கு உண்டு. 2002-இல் வெளிவந்த ஆய்வில் பார்த்தசாரதியும் டோபினும் 11 நோயாளிகளின் வென்டிலேட்டர் அமைப்பை மாற்றிப் பார்த்தார்கள். மூச்சை நோயாளியே தொடங்க வேண்டிய 'பிரஷர் சப்போர்ட்' முறையில் மணிக்கு 79 முறை தூக்கம் குலைந்தது. தேவைப்படும்போது கருவியே மூச்சைத் தொடங்கிவைக்கும் முறையில் 54. சிறிய ஆய்வுதான். ஆனாலும் புதுப் பொருள் எதையும் வாங்காமல், இருக்கும் கருவியின் அமைப்பை மாற்றியே பலன் கிடைக்கும் என்று காட்டியது. வென்டிலேட்டர் நோயாளிகளுக்கு இரவில் இந்த இரண்டாவது முறையை 2018-இன் சர்வதேச வழிகாட்டுதலும் பரிந்துரைக்கிறது. தூங்க வைப்பதற்காக புரோபோஃபால் கொடுக்க வேண்டாம் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. மயக்கம் வேறு, தூக்கம் வேறு. கண் மூடியிருப்பதால் மட்டும் உடம்புக்குத் தூக்கத்தின் கணக்கில் வரவு விழுந்துவிடாது.

யார் அளக்கிறார்கள் என்பதும் முக்கியம். ரிச்சர்ட்ஸ்-கேம்ப்பெல் என்றொரு கேள்வித்தாள் இருக்கிறது. ஆழ்ந்து தூங்கினீர்களா, எத்தனை முறை விழித்தீர்கள், மறுபடி தூக்கம் பிடித்ததா என்று ஐந்தே கேள்விகள். பதில் சொல்ல முடியாத நோயாளிக்குப் பதிலாக நர்ஸ் நிரப்பலாம். இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தபோது, நர்ஸ்கள் நோயாளியைவிடக் கூடுதலாகவே மதிப்பெண் போட்டார்கள். கோழித்தூக்கத்துக்கும் அசந்து தூங்குவதற்கும் உள்ள வித்தியாசம், கட்டிலுக்கு வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. கேஸ் ஷீட்டில் "நன்றாகத் தூங்கினார்" என்று இருக்கும். தூங்காதவருக்குத்தான் தெரியும், அது யாருடைய ராத்திரி என்று.

இந்தத் துறையிடம் எனக்கு இருக்கும் கேள்வி இதுதான். "நோயாளிக்கு என்ன கொடுத்தால் தூங்குவார்?" என்று இத்தனை வருடம் கேட்டாயிற்று. "இரவு 12 முதல் 4 வரை எதையெல்லாம் செய்யாமல் விடலாம்?" என்று அதே தீவிரத்தோடு எப்போது கேட்கப் போகிறோம்? விழிப்புகளில் பாதிக்கு மேல் நோயின் வேலையாகவே இருக்கலாம், மறுக்கவில்லை. மிச்சமிருப்பது நம் கையில் இருக்கிறது.

உங்கள் வீட்டில் யாராவது ஐ.சி.யூ.வில் இருக்க நேர்ந்தால், டியூட்டி டாக்டரிடம் பணிவாக ஒன்று கேளுங்கள்: "ராத்திரி எடுக்குற ரத்தம், துடைக்கிறது இதுல எதையாவது காலைக்குத் தள்ளிப் போட முடியுமா சார்?" முடியாது என்றால் காரணம் சொல்வார்கள். முடியும் என்றால், அன்றைக்கு ஒருவருக்கு இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போலக் கிடைக்கும்.