தாழிக்குள் யார்?

"மேடம், அது யாரோட தாழி?" புறநானூறு 256ஆம் பாடலை நடத்தும்போது பின்வரிசை மாணவி கேட்டாள். கணவனை இழந்தவள் குயவனிடம், தனக்கும் இடமிருக்கும்படி தாழியை அகலமாக வனையச் சொல்லும் பாட்டு. "அவனோடது" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். முதுபாலைத் துறைக்குள் வைத்தே படித்துப் பழகிய வாய். கேட்டு வாங்குகிறவள் அவள். உரிமை மட்டும் அவனுக்கு.

சாத்தான்குளத்துக்காரிக்கு ஆதிச்சநல்லூர்ப் பரம்பு தூரமில்லை. 1876இல் யாகோர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் அலெக்சாண்டர் ரீ எடுத்த இரும்பு வாள்களும் ஈட்டிகளும் மெல்லிய பொன் நெற்றிப்பட்டங்களும் எழும்பூருக்கு. 2004-05 அகழாய்வில் மட்டும் 160க்கு மேல் தாழிகள். இவற்றைப் பற்றி நாம் எழுதும் நடையைக் கவனியுங்கள்: வாள் கிடந்தால் வீரன், மணி கிடந்தால் பெண். எலும்பு வாய் திறக்கும் முன்பே இரும்பு சாட்சி சொல்லிவிடுகிறது.

சுவீடனின் பிர்கா ஊரில் 1878இல் ஒரு கல்லறை தோண்டப்பட்டது. வாள், கோடரி, ஈட்டி, அம்புகள், இரண்டு கேடயங்கள், இரண்டு குதிரைகள், கூடவே ஆட்டக்காய்கள். வைக்கிங் படைத்தலைவனுக்கு இலக்கணமாகவே அது நூறாண்டுக்கு மேல் நின்றது. எலும்பியலாளர்கள் சந்தேகத்தைச் சொன்னபோது பெரிதாகக் காதில் விழவில்லை. 2017இல் மரபணு ஆய்வு வெளியானது: அவர் பெண். உடனே கேள்விகள் கிளம்பின. எலும்புகள் மாறிப்போயிருக்குமோ? ஆயுதம் வைத்தால் மட்டும் போர்வீரர் ஆகிவிடுவாரா? நியாயமான கேள்விகள்தான். ஆணென்று நம்பிய அத்தனை வருடமும் அவற்றை அழுத்திக் கேட்க ஆளில்லையே!

அதற்காக, ஆதிச்சநல்லூர் வாளையெல்லாம் பெண் கையில் கொடுத்துவிட நான் வரவில்லை. நம் வெப்ப மண்ணில் மரபணு எளிதில் தங்காது. பல தாழிகளில் இருப்பது பின்னர் பொறுக்கி இட்ட எலும்புகள். தாழிக்குள் வைக்கும் பொருளைத் தேர்கிறவர்களோ உயிரோடிருப்பவர்கள். அது இறந்தவர் புழங்கியதாகவும் இருக்கலாம், பிறர் கொடுத்த மரியாதையாகவும் இருக்கலாம். இந்தத் தயக்கத்தை ஆணுக்கும் சேர்த்து வைத்திருந்தோமா என்பதே என் சண்டை. மண்டையோடுகளை அளந்தவர்களும் எந்த இனம் என்றுதான் முதலில் கேட்டார்கள்.

என் ஆச்சி கட்டிலுக்கடியில் ஒரு அருவாள் கிடக்கும். ஓலை கழிக்க, தேங்காய் வெட்ட, ராத்திரி வாசலில் சத்தம் கேட்டால் கையில் எடுக்க. தாத்தா அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை. ஆச்சி போனபோது பாடையில் வைத்தது வெற்றிலைப் பெட்டியை. அருவாளைச் சித்தப்பா எடுத்துக்கொண்டு போனார்.