சப்பாணியின் அறை

மலேசியாவின் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா (முன்னாள் பத்தாங் பெர்ஜுந்தை) வட்டாரத் திருவிழா மேடையில் அறிவுத்திறன் குறைந்த ஒரு பாத்திரம் வருமானால், அதன் நடையில் பெரும்பாலும் '16 வயதினிலே' சப்பாணியின் சாயல் தெரியும். பாரதிராஜாவின் படம் வெளிவந்தது 1977இல். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயத்து மக்கள் தாமான் எனப்படும் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்த பிறகும் அந்த முன்மாதிரி அசையவில்லை. ஆகவே மூலத்தையே எடைபோட வேண்டியிருக்கிறது.

கமல்ஹாசனின் சப்பாணி இரண்டு அடுக்காக அமைந்தவன். மேலடுக்கில் இருப்பவை நொண்டல், வெற்றிலைக் கறை, இழுத்த பேச்சு. உடற்குறையையும் அறிவுக்குறையையும் பிரிக்காமல் ஒரே வேடமாகக் குழைத்தது படத்தின் பிழை. கீழடுக்கில் ஒரு மனிதன் இருக்கிறான். சப்பாணி என்று கூப்பிடுகிறவனை அறையச் சொல்கிறாள் நாயகி மயில். ஊர் வம்பன் பரட்டைக்கு ஒன்று விழுகிறது. படித்த கால்நடை டாக்டருக்கும் ஒன்று விழுகிறது. ஆள் பார்க்காமல், சொன்னதைச் சொன்னபடி செய்யும் அந்த நேர்மையில்தான் நகைச்சுவை. அரங்கு சிரிக்கிறது, அறை வாங்கியவனைப் பார்த்து. அதுவரை சப்பாணியைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கும் அந்த அறையில் பங்கு உண்டு. நகைப்பும் மதிப்பும் ஒரே செயலில் கூடிய இத்தகைய இடம் தமிழில் அரிது. நம் மேடை நொண்டலை எடுத்துக்கொண்டது, அறையை விட்டுவிட்டது.

'தெய்வத்திருமகள்' (2011) இதைவிட நாகரிகமான படம். விக்ரமின் உழைப்பில் குறை காண முடியாது. ஆனால் அவர் நடித்த கிருஷ்ணாவுக்கு வாய்த்த மாசற்ற இனிமை அவனைக் குழந்தையாகவே நிறுத்திவிடுகிறது. வழக்கில் மீட்ட மகளை அவனே விட்டுக்கொடுக்கும் முடிவு, எதிர்த்தரப்பு வக்கீலின் வாதத்தைக் கண்ணீரோடு ஒப்புக்கொள்கிறது. அது பின்பற்றிய 'ஐ ஆம் சாம்' (2001) அப்படி முடியவில்லை. குறைபாடுள்ள நடிகர்கள் இருவருக்கு அதில் பாத்திரமும் இருந்தது.

மேடைக்கென்றே எழுதப்பட்டது டாம் கிரிஃபினின் 'தி பாய்ஸ் நெக்ஸ்ட் டோர்'. 1987இல் நியூயார்க்கில் மேடையேறியது. அதில் அறிவுத்திறன் குறைந்த நார்மனும் ஷீலாவும் ஆடும்போது சில நொடிகள் அவர்களின் தடுமாற்றம் மறைந்து, தேர்ந்த ஆட்டக்காரர்களைப் போல் சுழல்கிறார்கள். உத்தி அழகானது. குறை மறைந்தால்தான் அழகு வருமா என்ற கேள்விக்கு மட்டும் நாடகத்தில் பதில் இல்லை. நார்மன் தன் சாவிக்கொத்தைப் பற்றிக் கொள்ளும் பெருமையே எனக்கு மேலான காட்சி. அங்கே அவன் அவனாகவே இருக்கிறான், நாம் சிரிக்கிறோம், அவன் சிறுமைப்படவில்லை.

நம் திருவிழா மேடைக்கு இன்னொரு கடுமையான சோதனையும் உண்டு. திரையில் நடிப்பவருக்குத் தம்மைப் பார்ப்பவர் யாரென்று தெரியாது. இங்கே முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் அறிவுத்திறன் குறைந்த ஒரு பிள்ளையும் அவன் அம்மாவும் உட்கார்ந்திருக்கலாம். நடிப்பவருக்கும் அவர்களைத் தெரியும். சில வேளை அந்தப் பிள்ளையின் நடைதான் மேடையேறுகிறது.

நாடகக் குழுவினருக்கு ஒன்று சொல்வேன். நொண்டலையும் குழறலையும் எடுத்துவிட்டு ஒருமுறை ஒத்திகை பாருங்கள். சிரிப்பு மிஞ்சினால் காட்சி தேறும். மிஞ்சாவிட்டால் அதில் இருந்தது வெறும் கேலி. பண்பாட்டு வாழ்வில் பங்கேற்கும் உரிமையை நம் நாட்டின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டமே பேசுகிறது. அடுத்த திருவிழாவில் அந்தப் பாத்திரத்தை, பிடிகே எனப்படும் சமூக மறுவாழ்வு மையத்துக்குப் போய்வரும் ஓர் இளைஞருக்கே கொடுங்கள். வசனம் எழுதுமுன் அவருக்கு எது சிரிப்பூட்டுகிறது என்று கேளுங்கள்.