டோம்ப்ரோவ்ஸ்கிஸின் கடற்பாசி

இயற்கைப் புகைப்படக்காரர் பீட்டர் டோம்ப்ரோவ்ஸ்கிஸ் என்றதும் எல்லோரும் அவருடைய ‘ராக் ஐலண்ட் பெண்ட்’ படத்துக்குத்தான் ஓடுகிறார்கள். குறை சொல்ல முடியாது. டாஸ்மேனியாவின் பிராங்க்ளின் நதியை மூழ்கடிக்கவிருந்த அணைக்கு எதிராக, 1983 தேர்தல் நேரத்தில் நாளிதழ்களில் வண்ண விளம்பரமாக வந்த படம் அது. ஆட்சி மாறியது, ஜூலையில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்று தீர்ப்புச் சொல்ல, அணைத் திட்டம் அத்தோடு போயிற்று.

ஆனால் ஒரு படம் சாதித்த காரியம் வேறு, படம் வேறு. எனக்கு அவருடைய உச்சம் 1984-இல் மக்வாரி தீவின் ஹாசல்பரோ விரிகுடாவில் எடுத்த கடற்பாசிதான். வானம் கிடையாது, தொடுவானம் கிடையாது, அளவு காட்ட ஓர் ஆள்கூடக் கிடையாது. தடித்த பாசிப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று புரண்டு கிடக்கின்றன, அவ்வளவே. நண்பர் வீட்டுப் புத்தகத்தில் முதலில் பார்த்தபோது, ஊறிய தோலைத் தொடுவதுபோல் விரல் தானாகப் பக்கத்தைத் தடவியது. வெயிலும் இல்லை. ஸ்லைடு ஃபிலிம் சுள்ளென்ற வெயிலையும் நிழலையும் சேர்த்துத் தாங்காது. மேகமூட்டத்தில்தான் பழுப்புக்குள் இத்தனை பழுப்பு பிரிந்து தெரியும்.

அந்த நண்பர் இன்னொரு புகைப்படக்காரரான கேலன் ரோவெல் கட்சி. பொட்டாலா அரண்மனைமேல் வானவில் சரியாக விழ, கேமராவோடு ஓடிப்போய் இடம்பிடித்த மனிதர் ரோவெல். அந்த ஓட்டம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அவர் படங்களில் வெளிச்சமே கதாநாயகன், மலை பக்கவாத்தியம். டோம்ப்ரோவ்ஸ்கிஸிடம் வெளிச்சம் தலைகாட்டுவதே இல்லை. லின்ஹோஃப் கேமராவை முக்காலியில் ஏற்றி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, தலைகீழாய்த் தெரியும் பிம்பத்தில் கல்லையும் இலையையும் பார்த்துப் பார்த்து நிறுத்துவார். ஒரு சொடுக்குக்கு நாலுக்கு ஐந்து அங்குல ஃபிலிம் ஒன்று. லென்ஸை நன்றாகச் சுருக்கினால் நொடிக்கணக்கில் திறந்திருக்க வேண்டும். டாஸ்மேனியாவின் காற்றோ ஓயாது. மவுண்ட் ஆனில் அவர் எடுத்த குஷன் செடிகளில் ஓர் இலைநுனிகூட அசையவில்லை. காற்று நிற்கும்வரை காத்திருக்கத் தெரிந்தவர் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

சொகுசாய் உட்கார்ந்து எடுத்தவரும் அல்ல. குருவான ஒலெகாஸ் ட்ருகானாஸ் 1972-இல் கார்டன் நதியில் படமெடுக்கப் போய் மூழ்கினார். உடலைக் கண்டெடுத்தது இவர்தான். இவரும் 1996-இல் வெஸ்டர்ன் ஆர்தர்ஸ் மலைத்தொடரில், படமெடுக்கப் போன இடத்திலேயே மாரடைப்பில் இறந்தார்.

இன்று ட்ரோன் பறக்கிறது, பாசி பச்சைப் பசேலென்று எரிகிறது, எல்லா ஏரியும் ஒரே நீலம். நிறத்தைக் கூட்டும் பட்டனைக் கண்டுபிடித்தவரைவிட, அதை நிறுத்தாமல் அழுத்துகிறவர்கள்மேல்தான் எனக்குக் கோபம். நண்பரோ, கடற்பாசியைச் சுவரில் மாட்டினால் யார் பார்ப்பார்கள் என்கிறார். என் வீட்டுச் சுவரில் அதுதான் இருக்கிறது. அவர் வரும்போதெல்லாம் அதன் எதிரே நாற்காலி போடுகிறேன்.