ஷட்டருக்குள் சுருண்ட பலம்

இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்கள் தயாராகின்றன. ஆனால் அந்தக் கார்களுக்கு நம் வீடுகளில் போர்ட்டிகோவும் இரும்பு கேட்டும்தான். ஸ்பிரிங் வைத்த கராஜ் கதவு அபூர்வம். ஸ்பிரிங்கின் அருமையைப் பார்க்க அந்த ஊர் சிப்காட் தொழிற்பேட்டையின் சாலையோரக் கடைகளின் ஷட்டர் போதும்.

இரவில் ஷட்டரை இறக்கும்போது மேலே உருளைக்குள் இருக்கும் ஸ்பிரிங் முறுக்கேறுகிறது. காலையில் அந்த முறுக்கு அவிழ்ந்து, தகட்டின் எடையில் பெரும்பங்கைத் தானே சுமக்கிறது. ஒல்லியான டீக்கடைப் பையன் ஒற்றைக் கையால் ஏற்றிவிடுகிறான். பாதியில் விட்டால் அங்கேயே நிற்க வேண்டும். என்னைக் கேட்டால், நல்ல மெக்கானிக்கின் கையெழுத்து அதுதான்.

தினம் முறுகி அவிழ்ந்து இரும்பு களைக்கும். துரு சேர்ந்தால் சீக்கிரமே அறுந்துபோகும். திடீரென ஷட்டர் கனத்தாலோ கோணலாக ஏறினாலோ மல்லுக்கட்ட வேண்டாம். முறுக்கோடு இருக்கும் ஸ்பிரிங்கை நாமே கழற்றுவது விஷப்பரீட்சை, விரல் தப்பாது. ஒரு ஸ்பிரிங் அறுந்தால், கூடவே உழைத்த மற்ற ஸ்பிரிங்குகளையும் சேர்த்து மாற்றச் சொல்வார் மெக்கானிக். வியாபாரத் தந்திரமல்ல, அவற்றுக்கும் அதே வயது. மற்றபடி, பக்கவாட்டுச் சேனலில் லாரிப் புழுதியைத் துடைப்பதும் ஸ்பிரிங்குக்கு அவ்வப்போது எண்ணெய் விடுவதும்தான் பராமரிப்பு.