மிஷன் பாடசாலையும் ஆபிரிக்க நாவலும்

ஆபிரிக்க நாவல்களைக் குறித்து நம்மிடையே உரையாடல் எழும்போதெல்லாம் அவற்றின் அரசியல் பேசப்படுகிறது, மொழி பேசப்படுகிறது, பாடசாலை மட்டும் பேசப்படுவதில்லை. ஆயின் 1950களிலும் 1960களிலும் எழுந்த அந்நாவல்கள் பலவற்றின் நடுவே நிற்பது மிஷன் பாடசாலையே. அவற்றைப் படைத்தோரிற் பலர் அப்பாடசாலைகளிற் பயின்றவர்கள். தம்மை ஆளாக்கிய நிறுவனத்தைத் தாமே விசாரணைக் கூண்டில் ஏற்றினர். 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் மறைந்த கூகி வா தியாங்கோவின் 'தி ரிவர் பிட்வீன்' (1965) என்னும் நாவலை நாம் இங்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அது எழுப்பும் வினா இன்றும் தீராதிருப்பதேயாகும். மேலைநாட்டுத் திருச்சபைகள் ஆபிரிக்கத் திருச்சபைகளோடு 'பங்காளிகளாக' இணைந்து பாடசாலைகளையும் அநாதைப் பிள்ளைகளையும் இன்றளவும் ஆதரித்து வருகின்றன. இவ்வாதரவின் பொருள் யாது? கொடுப்போரின் அறிக்கைகள் இதனைச் சொல்லமாட்டா. நாவல் சொல்கிறது.

கதையின் பின்னணியை முதலில் அறிதல் வேண்டும். கென்யாவில் புரட்டஸ்தாந்துச் சபைகள் பல ஒன்றுகூடி 1926இல் அலையன்ஸ் உயர்தரப் பாடசாலையை நிறுவின. மூன்றாண்டு சென்றபின், 1929இல், பெண்களுக்குச் செய்யப்படும் விருத்தசேதனச் சடங்கைக் கைவிடுமாறு ஸ்கொத்லாந்துத் திருச்சபை மிஷன் கிக்கூயு விசுவாசிகளை வற்புறுத்தியது. பெருந்தொகையினர் சபையினின்றும் வெளியேறினர். தம் பிள்ளைகளுக்குத் தாமே பாடசாலைகள் கட்டினர். இவ்வியக்கம் கித்துங்குரியில் 1939இல் ஓர் ஆசிரியர் கல்லூரியையும் தோற்றுவித்தது. 1952இல் அவசரகாலச் சட்டம் வந்ததும் குடியேற்ற அரசு இப்பாடசாலைகளை மூடியது. கித்துங்குரிக் கல்லூரி நின்ற இடம் போராளிகளைத் தூக்கிலிடும் களமாயிற்று. இளமையில் சுதந்திரப் பாடசாலையிலும், 1955 முதல் 1959 வரை அலையன்ஸிலும் பயின்ற கூகி, இவ்விரு உலகங்களையும் உள்நின்று கண்டவர்.

நாவலில் இரு மலைமுகடுகள் எதிரெதிரே கிடக்கின்றன. கமேனோ மரபைப் பேணுவது. மக்குயு கிறிஸ்தவத்தைத் தழுவியது. இடையே ஹோனியா ஆறு. மக்குயுவில் போதகர் யோசுவாவின் தகரக் கூரை வீடு தனித்துத் தெரிகிறது. வையாக்கி என்னும் இளைஞனை அவன் தந்தை சிரியானா மிஷனுக்கு அனுப்புகிறார். வெள்ளையனின் வித்தையைக் கற்றுவா, அவன் தீமையைக் கற்காதே என்பதே அவர் கட்டளை. வித்தை வேறு, அதனை வழங்குவோனின் நோக்கம் வேறு எனப் பிரித்தெடுக்க இயலுமா? நாவலின் முழு இயக்கமும் இவ்வொரு வினாவிலிருந்தே பிறக்கிறது. சினுவா அச்செபேயும் தம் முதல் நாவலில் (1958) இதனைத் தொட்டுள்ளார். அங்கே பிரௌன் பாதிரியார் பாடசாலைக்கு வருவோர்க்கு உள்ளங்கியும் துவாயும் பரிசளிக்கிறார். பாதிரியார் கபடரல்லர், உண்மையில் நல்லவர். துவாயுடன் சேர்ந்து ஊரின் கட்டுக்கோப்பும் கைமாறுகிறதென்பதை அச்செபே ஆரவாரமின்றிக் காட்டிச் செல்கிறார்.

வையாக்கி கட்டும் மரியோஷோனிப் பாடசாலையே இந்நாவலின் உயிர் என்பது நம் கருத்து. ஆயினும் கல்வி, மேலும் கல்வி என்பதே அவன் மந்திரம். வெள்ளையர் காலடி நிலத்தை நோக்கி நகர்ந்துவருவதை மக்கள் உணர்ந்த பின்னரும் அவன் பாடசாலைகளின் எண்ணிக்கையையே கணக்கிடுகிறான். கல்வியை அரசியல் விடுதலையுடன் இணைக்க வேண்டுமென்ற தெளிவு அவனுக்கு வரும்போது காலம் கடந்துவிடுகிறது. இளைஞரான ஆசிரியர் தம் கதாநாயகனை ஒரு மீட்பனாக உயர்த்திக் காட்ட முனைவது நாவலின் பலவீனம். உழுது வாழும் சனங்கள் பின்னணியாகவே நின்றுவிடுகின்றனர். இக்குறை அவருடைய பிற்காலப் படைப்புகளில் நீங்கிற்று.

எனினும் கூகி தம் தரப்பையும் தப்பவிடவில்லை. யோசுவாவின் மகள் முத்தோனி, கிறிஸ்தவளாயிருந்துகொண்டே குலச்சடங்கையும் ஏற்க விழைந்து, அக்காயத்தால் இறக்கிறாள். மிஷன் அம்மரணத்தைத் தன் வாதத்துக்குச் சான்றாக்குகிறது. மரபுவாதிகள் தம் வாதத்துக்கு. பெண்ணின் உடலோ இரு தரப்பார்க்கும் கொடிக்கம்பமாகிறது. தேசியப் பாடசாலை என்பதனாலேயே அது விடுதலைப் பாடசாலையாகிவிடாது.

யாழ்ப்பாணத்து வாசகர்க்கு இது புதுமையன்று. ஆறுமுக நாவலர் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே கற்பித்து, 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். கிறிஸ்தவப் பாடசாலையின் முறைகளையே அதற்கெதிரான கருவியாக்கிய அத்திறமையை நாம் போற்றுகிறோம். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு அச்சைவக் கல்வியில் இடமிருந்ததா என்று கேட்கவும் கடமைப்பட்டிருக்கிறோம். அமெரிக்க மிஷனின் விடுதிகளில் உண்டு உறங்கிப் படித்த சிறுவர்க்கு, கடல் கடந்து பணம் அனுப்பிய கொடையாளரின் பெயர்கள் சூட்டப்பட்டமையும் நினைக்கத்தக்கது. கறல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்னும் பெயர்கள் இதற்குச் சாட்சி. ஆபிரிக்காவிலும் கூகி நெடுங்காலம் ஜேம்ஸ் ஆகவே இருந்தார்.

இன்று பெயரை மாற்றுவதில்லை, புகைப்படம் எடுக்கிறார்கள். கொடையாளர்க்குப் பிள்ளை நன்றிக் கடிதம் எழுதுகிறது. அக்கடிதத்தை ஓர் இலக்கிய வகையாகவே ஆராயலாம்: அதில் தாயின் பெயர் அரிதாகவே வரும், நிலமும் கூலியும் வருவதில்லை. எயிட்ஸ் நோய் ஊர்களை வெறுமையாக்கிய 1990களில் இவ்வுதவி பலரை உயிரோடு வைத்ததென்பதை மறுப்பது அநீதி. பேரன் பேத்திகளை ஏந்திய கிழவிகளே அப்பெருஞ்சுமையின் பெரும்பங்கைத் தாங்கினர் என்பதும் அத்தகைய உண்மையே. சர்வதேச நிதி நிறுவனங்களின் நிபந்தனைகளால் 1980களில் பள்ளிக் கட்டணச் சுமை பெற்றோர் தலைமேல் ஏறிய பின்னர், கல்வியை நாடிப் பிள்ளைகளை விடுதிகளில் விட்டோர் உளர். 'அநாதைகள்' எனப்பட்ட பலர்க்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தனர். மாறாக, 2003இல் கென்ய அரசு ஆரம்பக் கல்விக் கட்டணத்தை நீக்கியதும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் புதிதாக வகுப்பறைகளுக்குள் வந்தனர். எந்தச் சபையின் கொடையும் இவ்வளவு பேரை ஒரே ஆண்டில் சேர்த்ததாக நாம் அறியோம். 2017இல் அவ்வரசு புதிய சிறுவர் இல்லங்களைப் பதிவுசெய்வதையும் நிறுத்திவைத்தது. பிள்ளையை விடுதிக்கு இழுக்காமல் அதன் வீட்டைத் தாங்குவதே வழியென்ற எண்ணம் அங்கு வலுப்பெற்று வருகிறது.

பங்காளிச் சபைகளில் நேர்மையானோர் இதனை ஏற்றுப் பணத்தைக் குடும்பங்களுக்கும் அரசுப் பாடசாலைகளுக்கும் திருப்பத் தொடங்கியுள்ளனர். அப்போது அனுப்புவதற்குப் புகைப்படம் இராது. அதனால் கொடை குறையுமோ என்ற அச்சம் அவர்களுக்கு உண்டு.