விடை இல்லாத புத்தகம்

'பால வைக்ஞானிக்' என்று ஓர் அறிவியல் பாடநூல். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய திட்டத்துக்காக எழுதியது. திறந்தால் கேள்விகள்தாம். 'செய்து பார், பார்த்ததை எழுது' என்று விட்டுவிடுகிறார்கள். நோட்ஸ் மனப்பாடம் பண்ணி வளர்ந்த எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. பரீட்சைக்கும் புத்தகத்தை எடுத்துப் போகலாமாம். காப்பியடிக்க அதில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்?

நான் ரசித்தது, இது வாத்தியாரைப் படுத்தும் பாட்டை. பிள்ளைகள் நாலு நாலு பேராக உட்கார்ந்து விதையைப் பிளந்துகொண்டிருக்க, அவர் கரும்பலகையை விட்டு நடுவில் வந்தே ஆக வேண்டும். 'தெரியலையே, செஞ்சு பார்க்கலாமா?' என்று பத்து வயசுக்காரியிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். லேசான காரியமா? அதற்காகவே ஆசிரியர்கள் கோடை விடுமுறையில் மாணவர்களாக உட்கார்ந்து பரிசோதனைகளைச் செய்தார்கள்.

புத்தகத்தின் பலவீனமும் இங்கேதான். அந்தப் பயிற்சி இல்லாதவர் கையில் இது வெறும் வினாத்தாள். வகுப்பு பாதி வழியில் நிற்கும், பெற்றோர் சண்டைக்கு வருவார்கள்.

2002-ல் மாநில அரசு திட்டத்தை நிறுத்திவிட்டது. அறிவியல் டீச்சரான என் மருமகளிடம் இதைச் சொன்னேன். "விதைப் பகுதியை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்க மாமா, மொச்சைக்கொட்டை நான் வாங்கிக்கறேன்" என்றாள்.