பச்சைக் கட்டில் எவ்வளவு புரதம்?

குளிர்காலம் வந்துவிட்டால் டெல்லியில் பசுந்தீவனம் என்றாலே பெர்சீம்தான். ஜனக்புரிக்குத் தென்மேற்கே கோயலா, கக்ரோலா பால்பண்ணைக் குடியிருப்புகளின் எருமைகளுக்கும் அதுதான்; புண்ணியம் தேடுவோர் தெருமாட்டுக்கு வாங்கிப் போடும் கட்டும் அதுதான். பயறு வகைத் தீவனம், புரதம் மிகுந்தது என்று பெயர். பெயருக்கேற்ற சரக்கும் உண்டு. சிக்கல் அதை அளக்கும் விதத்தில்.

பத்துக் கிலோ பெர்சீமில் ஏறத்தாழ எட்டரைக் கிலோ தண்ணீர். மிச்சமுள்ள உலர்பொருளில் 18 சதவீதம் என்று வைத்தால் 270 கிராம் புரதம் தேறும். அதுவும் நேராக அளந்த புரதமல்ல. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிய 'கச்சாப் புரதம்'. நைட்ரஜனை அளக்கும் முறையை 1883-இல் உருவாக்கியவர் கோபன்ஹேகன் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தின் யோஹான் கெல்டால். பீருக்கான தானியத்தைச் சோதிக்கப் பிறந்த முறை அது. எருமைக்கு அசையூண் வயிறு உண்டென்பது அந்தப் பெருக்கலுக்குத் தெரியாது.

பெர்சீமின் புரதம் அந்த வயிற்றில் சடுதியில் அம்மோனியாவாகிறது. நுண்ணுயிரிகள் அதைப் பிடித்துத் தம் உடலாக்கிக்கொள்ள மாவுச்சத்தும் கூடவே வேண்டும். இல்லையேல் அது கல்லீரலில் யூரியாவாகிச் சிறுநீரோடு போகும். வெறும் வயிற்றில் ஈரத்தோடு நிறையத் தின்றால் உப்புசமும் வரலாம். பூசா எனப்படும் கோதுமை வைக்கோலையும் தானியத்தையும் கலந்து போடுகிறவரிடம் இதே தீவனம் நன்றாகவே பலன் தருகிறது. தெருவில் கட்டோடு அவிழ்த்துக் கொட்டும் பக்திக்கு அந்தக் கணக்கு கிடையாது.

மரத்தழையில் கதை தலைகீழ். ராஜஸ்தான் ஆடுகள் கோடையைத் தாண்ட உதவும் வன்னித் தழையில் டானின் அதிகம். அது புரதத்தை இறுகப் பிடித்துக்கொள்கிறது. டானின் அளவாக இருந்தால் லாபம்: முதல் வயிற்றில் சிதையாமல் தப்பிய புரதம், அமில வயிற்றில் விடுபட்டுச் சிறுகுடலில் செரிக்கும். மிஞ்சினால் சாணத்தோடு போய்விடும்.

சூபாபுல் மரத்தின் தழை இன்னும் விசித்திரம். கச்சாப் புரதம் 20 சதவீதத்துக்கு மேல்; கூடவே மைமோசின் என்ற நச்சு. ஆஸ்திரேலிய மாடுகளை வாட்டிய இதே தழையை ஹவாய் ஆடுகள் தொல்லையின்றித் தின்றதைக் கவனித்தவர் ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர். அந்த ஆடுகளின் வயிற்றிலிருந்த ஒரு பாக்டீரியாதான் காரணம். 1980-களின் தொடக்கத்தில் அதை ஆஸ்திரேலிய மாடுகளுக்குள் செலுத்தியதும் தொல்லை நீங்கியது. 1992-இல் அந்த உயிருக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்: சினர்ஜிஸ்டஸ் ஜோன்சியை.

தழை மாறவில்லை, கச்சாப் புரதமும் மாறவில்லை, மாறியது வயிறு. தீவன அட்டவணையில் சூபாபுல்லுக்கு நேரே ஒரே ஓர் எண்ணை அச்சடிப்பது, அந்த வயிற்றைக் கேட்காமலே எழுதிய தீர்ப்பு.